நாலில் ஒன்று

கிளினிக்கிலிருந்து வந்து காரில் உட்கார்ந்த பிறகும் ஜோஷுவா வண்டியை எடுக்கவில்லை. பக்கத்தில் ஷெர்லீன் சீட் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

தேவாலயத்தில் திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுத்த கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி பவானேஸ்வரி, ஜோடிகள் எல்லாரையும் இரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருந்தார். பேருக்குத்தானே என்று இவர்களும் போனார்கள். இருவருக்குமே தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகையின் கூறு இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒவ்வொரு தடவ கர்ப்பமாகும்போதும் நாலுல ஒரு வாய்ப்பு, பிள்ளைக்குக் கடுமையா வரலாம். வந்தா மாசாமாசம் இரத்தம் ஏத்தணும்" என்று சற்று முன்புதான் மிஸ்ஸி சொல்லியிருந்தார்.

புக்கிட் பெருவாங்கில் அவள் வீடு வரும்வரை ஜோஷுவா கல்யாண மண்டபத்து ஏர்கோனைப் பற்றியே பேசினான். அவளை இறக்கிவிட்டுப் போனபிறகு நாள்கணக்கில் போனே இல்லை. கேட்டால், 'ஓவர்டைம்' என்று ஒற்றைச் சொல்லில் மெசேஜ் வந்தது.

ஷெர்லீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தான் வேலை பார்க்கும் தாடிகாவில், அந்த மழலையர் பள்ளியில், பாடம் நடத்திக்கொண்டே பிள்ளைகளின் கண்ணிமையை இழுத்து, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தன. வீட்டில், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

"நாங்கல்லாம் இரத்தத்தப் பாத்தா கல்யாணம் பண்ணோம்? மாதாகிட்ட விட்டுரு லா" என்றாள் அம்மா ஜெயமேரி.

"மாதாவா மாசாமாசம் ஊசி குத்திக்கப் போறாங்க?" வெடுக்கென்று வந்துவிட்டது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல், செங் வட்டாரத்தில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். ஷிப்ட் முடிந்து வந்தவன் அவளைக் கண்டதும் நடையைத் தளர்த்தினான்.

"கல்யாணம் வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"அது இல்ல, ஷெர்." அவன் ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டான். "ஆஸ்பத்திரியில இரத்தம் ஏத்துற வார்டுக்குப் போனேன். சும்மா பாத்துட்டு வரலாம்னு. ஒரு சின்னப் பிள்ள, கையில ஊசியோட போன்ல கார்ட்டூன் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பழகிப்போச்சு. எனக்குத்தான் நிக்க முடியல. தெரிஞ்சே நம்ம பிள்ளைய அங்க உக்கார வைக்க என்னால முடியாது. வயித்துலயே டெஸ்ட் பண்ணலாம். பண்ணி, இருக்குன்னு சொன்னா? கலைக்கவும் எனக்கு மனசு வராது."

"அப்ப?"

"நமக்குன்னு பிள்ள வேணாம். நீ சரின்னு சொல்லுவியா?"

என்றாவது தனக்குப் பிறக்கும் பெண்ணுக்கு ஷெர்லீன் எப்போதோ பேர் கூட வைத்திருந்தாள். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

"ரோட்டுல நின்னு கேக்காதீங்க. மிஸ்ஸிகிட்ட மறுபடி போவோம்."

மறுநாள் போனார்கள். மிஸ்ஸி ஒவ்வொரு வழியாக நிதானமாக விளக்கினார். இதுதான் சரி என்று எதையும் சொல்லவில்லை. ஷெர்லீன் விரல்களைப் பின்னிப் பிரித்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு ஜோஷுவா பக்கம் திரும்பினாள்.

"பிள்ள இல்லாம நான் இருந்துருவேன். அழுவேன், ஆனா இருந்துருவேன். உங்கம்மா நீங்க ஒரே மகன்னு சொல்லிச் சொல்லிப் பேரன் கேப்பாங்களே, அப்ப யாரு பதில் சொல்றது? நான் மட்டும் மலடின்னு பேரு வாங்கணுமா?"

"நான் சொல்றேன்."

"எப்ப?"

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். நடந்தான், நின்றான், நெற்றியைத் தேய்த்தான். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். அவன் அம்மா வெரோனிக்கா அத்தையின் குரல் எவ்வளவு உயரும் என்று ஷெர்லீனுக்குத் தெரியும். எழுந்து போகலாமா என்று இரண்டு முறை நாற்காலியைப் பிடித்தாள். மிஸ்ஸி அவள் கையை அழுத்தி உட்காரவைத்தார்.

உள்ளே வந்தபோது அவன் காது சிவந்திருந்தது.

"ரெண்டு பேருக்கும்தான் இருக்கு, பிள்ள வேணாங்கிற முடிவு என்னோடதுன்னு சொன்னேன். அம்மா அழுவுறாங்க. அப்பா போன வாங்கி, கல்யாணத் தேதி மாறுதான்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"மாறலன்னேன்."

ஷெர்லீன் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு மிஸ்ஸியிடம் திரும்பினாள்.

"தத்து எடுக்கணும்னா மொதல்ல எங்க போயி கேக்கணும், அக்கா?"