முகிலனின் இன்னொரு பாஷை

பேனாவை வாங்கிக்கொண்டாள் இல்டா. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்த கடிதத்தின் அடியில் பேனா முனையைக் கொண்டுபோனாள். அதோடு சரி. கையெழுத்தும் போடவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் இரண்டு தடவை இப்படித்தான் ஆயிற்று. இது மூன்றாவது.

என் கணவர் முகிலனின் உடலைத் திருச்சிக்கு அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று இல்டாவின் பெயரில் ஆங்கிலத்தில் அடித்த கடிதம். அடித்தவள் ஷியாமளா, முகிலனின் அக்கா. துபாய் அல் குசைஸில் பதினேழு வருஷமாகக் குடியிருப்பவள், இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பார்ப்பவள். யாருக்கு என்ன ஆனாலும் எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது என்று அவளைத்தான் கேட்பார்கள். தம்பிக்கே காகிதம் தயார் செய்ய வேண்டிவரும் என்று அவள் நினைத்ததில்லை. வந்துவிட்டது, செய்தாள். அழுவதற்கு நேரம் இல்லாமல் இருந்ததே ஒரு வசதியாக இருந்தது.

முகிலனுக்கு நாற்பத்தாறு வயது. புஜைரா துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் கேப்டன். முந்தாநாள் காலை ட்யூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், படகு கரைக்கு வருவதற்குள் போய்விட்டான். அன்று சாயங்காலமே இல்டாவைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள் ஷியாமளா.

"தங்கச்சி, அவங்கள விரட்டாதீங்க" என்றார் காதர் மைதீன். கீழக்கரைக்காரர், பர் துபாயில் துணிக்கடை. தமிழ் ஆள் யார் இறந்தாலும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். "ஆனா ஒரு மணிக்குள்ள கான்சலேட்ல குடுத்தாத்தான் நாளைக்கு ஃப்ளைட்டு. இல்லாட்டி லீவு நாளு குறுக்க வந்துரும்."

"இல்டா, ஓகேயா?" என்றாள் ஷியாமளா.

"ஓகே" என்றாள் இல்டா. பேனா அசையவில்லை.

இந்த ஓகேதான் பயமாக இருந்தது. இரண்டு நாளாக அதைத் தவிர வேறு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவளுக்கு மொசாம்பிக் நாட்டின் பெய்ரா ஊர். முகிலன் அந்தத் துறைமுகத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே அடித்த புயலில் அவளுடைய அம்மாவும் தம்பியும் வீட்டோடு போய்விட்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. 'நாப்பது நாள் பேசலக்கா. ட்ரிப்ஸ்லதான் உசுரு இருந்துச்சு. நான்தான் பக்கத்துல உக்காந்து பேசிப் பேசி அவ வாயத் தொறக்க வெச்சேன்' என்று முகிலன் ஒருமுறை சொல்லியிருந்தான். அதன் பிறகுதான் இருவரும் இங்கே வந்தார்கள்.

அன்றைக்குப் பேசுவதற்கு அவன் இருந்தான். இன்றைக்கு அவளோடு அவள் பாஷையில் பேச இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவளுக்கென்று பெய்ராவிலும்தான் யார் இருக்கிறார்கள்?

அவள் பேசும் போர்த்துக்கீசிய மொழி தெரிந்த ஒரு மனநலக் கவுன்சிலர் வேண்டும் என்று நேற்று மாலையே ஷியாமளா லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். கவுன்சிலர்களைத் தேடும் தளத்தில், மொழி என்ற கட்டத்தில் அரபி, இந்தி, தகாலோக், ஏன், தமிழுக்குக்கூட ஏழு பேர் இருந்தார்கள். போர்ச்சுகீஸுக்கு நாலே பேர். ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். இன்னொருத்திக்கு அடுத்த வியாழன்தான் நேரம். மூன்றாமவர் டை கட்டிக்கொண்டு, வியாபாரத்தில் ஜெயிப்பது எப்படி என்று சொல்லித் தருபவர். நாலாவது ஆள் பிரேசிலில், பதிலே இல்லை. பிள்ளைக்கு ஸ்கூல் சீட் வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறதே என்று நொந்துபோனாள்.

மகள் ஸ்வாதிதான் வழி சொன்னாள். "அம்மா, எங்க ஜூஜிட்சு கோச் பிரசீலியன்மா. ஹீ ஸ்பீக்ஸ் போர்ச்சுகீஸ்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் புரட்டிப் போட்டு மல்லுக்கட்டச் சொல்லித் தருகிற அந்தத் தடித்த மனிதர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் பேசலாம், ஆனால் முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் அந்தப் பெண் எதைச் சொல்வாள் என்று கேட்டார். அவருடைய மனைவி போர்ச்சுகலில், லிஸ்பனில் இருக்கும் ஒரு கவுன்சிலரிடம் வாராவாரம் பேசுகிறாளாம். இருபது நிமிஷத்தில் நம்பர் வந்தது. பெயர் டெரெசா. காலை பத்தரைக்கு வருகிறேன், எங்களுக்கு அப்போது ஆறரை, பரவாயில்லை என்று எழுதியிருந்தாள்.

டெரெசா முதலில் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். இந்த நாட்டில் அதில் பேச முடியாது என்பது அவளுக்குத் தெரியாது. மணி அடித்தது, எடுத்தால் சத்தம் இல்லை. மூன்று முறை இப்படியே போன பிறகு ஸ்வாதி ஓடிவந்து ஜூமைத் திறந்தாள். திரையில் ஐம்பது வயதுக்காரி ஒருத்தி, வாராத தலையும் கையில் காப்பிக் கோப்பையுமாகத் தெரிந்தாள்.

ஸ்வாதியின் கட்டிலில் இல்டாவை உட்கார வைத்து, அவளை ஒட்டி ஷியாமளாவும் உட்கார்ந்தாள். மடியில் கடிதம். நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வந்தாள். உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதமா, சம்மதமென்றால் ஏன் கையெழுத்துப் போடவில்லை, இரண்டையும் கேட்டுச் சொன்னால் போதும் என்றாள்.

டெரெசா பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஆங்கிலத்தில், "நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை. நீங்கள் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா?" என்றாள்.

ஷியாமளாவுக்குச் சுருக்கென்றது. நாலு பேர் சூழ உட்கார்ந்திருப்பதுதானே துக்க வீடு? தனியாக விட்டால் ஏதாவது செய்துகொண்டால் என்ன பதில் சொல்வது? ஆனாலும் எழுந்தாள். கதவைச் சாத்தாமல் வந்தாள். உள்ளேயிருந்து இல்டாவே எழுந்துவந்து சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் எதிர் ஃப்ளாட் கனகா ஹாட்பாக்ஸில் இட்லியோடு நின்றிருந்தாள். "ஏண்டி, புருஷன் போன மூணாம் நாளு ஒரு பொம்பளைய தனியா உள்ள வெச்சுக் கதவ சாத்துவாங்களா?"

"எனக்கும் தெரியலக்கா. அந்தம்மா போகச் சொல்றாங்க."

காதர் மைதீன் கடிகாரத்தைப் பார்த்தார். ஷியாமளா கதவுக்கு வெளியே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முதல் பத்து நிமிஷம் டெரெசாவின் குரல் மட்டும் எப்போதாவது கேட்டது. ஒரு கேள்வி, நீண்ட மௌனம். இன்னொரு கேள்வி, மறுபடி மௌனம். ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் கைவிட்டது என்று ஷியாமளா நினைத்த நேரத்தில் இல்டா ஒரு சொல் சொன்னாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிற்கவில்லை.

ஷியாமளாவுக்குத் தெரிந்த இல்டா மூன்றே சொல் பேசுகிறவள். ஓகே, தேங்க்யூ, அக்கா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள், மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாள், பாத்திரம் கழுவிவிட்டுப் போவாள். நல்ல பெண், ஆனால் விவரம் பத்தாது என்று ஷியாமளா ஒரு முடிவுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கதவுக்கு அந்தப் பக்கம் பேசுகிறவள் அவளா? கனத்த குரல். தயக்கமே இல்லை. ஒன்றை எடுத்துவைத்து, அதை மறுத்து, மறுத்ததையே திரும்பக் கேள்வி கேட்டு, வக்கீல் வாதாடுவதுபோல் போனது பேச்சு. ஒரு சொல்கூட ஷியாமளாவுக்குப் புரியவில்லை. கேட்பதை நிறுத்தவும் முடியவில்லை.

"அம்மா, அத்தை இவ்ளோ பேசுவாங்களா?" என்று ஸ்வாதி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"உஷ்" என்றாள் ஷியாமளா.

பேச்சில் முகிலன் என்ற பெயர் வந்தது. நாம் சொல்வதுபோல் இல்லை, நடுவெழுத்தை நீட்டி, செல்லமாக. அதைத் தொடர்ந்து இல்டா குரலைத் தாழ்த்தினாள். நாலு சொல்லை வேகமாக அள்ளிவிட்டுச் சட்டென்று நிறுத்தி, கடைசிச் சொல்லை மூக்கால் இழுத்தாள். ஷியாமளாவின் முதுகு நிமிர்ந்தது. அது முகிலன். அவன் பேசுவதை இல்டா பேசிக் காட்டுகிறாள். அந்த மூக்கு இழுப்பு அவர்கள் அப்பாவிடமிருந்து வந்தது, வீட்டில் அவனுக்கு மட்டும்தான் உண்டு. லிஸ்பனில் டெரெசா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. இல்டாவும் சிரித்தாள்.

முகிலன் வீட்டில் மூன்றாவது பிள்ளை. அவன் பேசி யாரும் நின்று கேட்டதில்லை. நாலு பேர் கூடினால் சுவரோரம் போய் நிற்பான். உம்மணாமூஞ்சி என்று ஷியாமளாவே கேலி செய்திருக்கிறாள், அவனும் கோபப்பட்டதில்லை. அந்தப் பையன், யாருக்கும் தெரியாத ஒரு பாஷைக்குள் போய் பதினைந்து வருஷம் கதை சொல்லியிருக்கிறான், சண்டை போட்டிருக்கிறான், ஒருத்தியை இப்படிச் சிரிக்க வைத்திருக்கிறான். அந்த முகிலனை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கூடப்பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் தாண்டி உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு மனுஷனுக்குள் இவ்வளவு இடம் இருக்குமா? கோயிலில் திரை விலகும்போது எழுந்து நிற்போமே, அப்படி எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. கால் மரத்துப்போயிருந்ததால் உட்கார்ந்தே இருந்தாள்.

சிரித்துக்கொண்டிருந்த குரல் அப்படியே உடைந்தது. அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷியாமளாவும் அழுதாள், மூன்று நாளில் முதல்முறையாக.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. இல்டாவின் முகம் வீங்கிச் சிவந்திருந்தது. ஷியாமளா அவளைத் தாண்டி உள்ளே போய்த் திரைக்கு முன்னால் குனிந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"அதை நான் சொல்லக் கூடாது. அவளே சொல்வாள். கொஞ்சம் மெதுவாக வரும், காத்திருங்கள்" என்றாள் டெரெசா. ஞாயிறு பேசலாம் என்று கையசைத்துவிட்டுப் போனாள்.

ஷியாமளா காத்திருந்தாள். கடிதத்தை நீட்டவில்லை, மணியைப் பார்க்கவில்லை. இல்டா தண்ணீர் கேட்டாள், குடித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"அக்கா. இந்தியா ஓகே. சைன் ஓகே. பட்... மை மதர், வாட்டர் டேக். மை பிரதர், வாட்டர் டேக். நோ குட்பை." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "முகிலன் பாக்ஸ் உள்ள போறான். க்ளோஸ். நான் பேசணும். முகிலன், நான். ஒன்லி."

அவ்வளவுதானா என்று ஷியாமளாவுக்கு வாய்வரை வந்தது. அவ்வளவுதான் இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. "சரிம்மா. கண்டிப்பா" என்றாள். இல்டா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு காதர் மைதீன் மாடிப்படியில் ஓடினார், லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

மறுநாள் மத்தியானம், உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்கும் சென்டருக்கு ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். புஜைராவிலிருந்து வேன் வைத்துக்கொண்டு டக் படகு ஆட்கள், தமிழ்ச் சங்கத்துக்காரர்கள், ஷியாமளாவின் ஆபீஸ். இங்கே வழக்கம் என்னவென்றால் பெட்டியைத் திறந்து வைத்ததும் எல்லாரும் வரிசையாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். ஐந்து நிமிஷம். அப்புறம் ஆணி அடித்துவிடுவார்கள், அடுத்த பெட்டி காத்திருக்கும்.

ஷியாமளா வாசலில் குறுக்கே நின்றாள். "எல்லாரும் மன்னிச்சுக்கங்க. யாரும் உள்ள போக வேணாம். அவன் பொண்டாட்டி மட்டும் போகட்டும்."

முணுமுணுப்பு எழுந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோமே என்றார் ஒருவர். டக் படகில் அவனோடு இருந்த வயதான பாகிஸ்தானி ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டடி பின்னால் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். காதர் மைதீன் பொறுப்பாளரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவர் இல்டாவை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த ஃபைலைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

இல்டா உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து போயிற்று. உள்ளே குரல் எழுவதும் தாழ்வதுமாக இருந்தது. எதையோ நினைவூட்டினாள், எதற்கோ திட்டினாள். ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு ஒருவர் பதில் சொல்லும் அளவுக்கு நிறுத்தினாள், பிறகு அந்தப் பதிலுக்குப் பதில் சொன்னாள். வெளியே அவ்வளவு பேரும் வெயிலில் சத்தமில்லாமல் நின்றார்கள்.

ஷியாமளாவின் போன் அதிர்ந்தது. திருச்சியிலிருந்து பெரியண்ணன் சீதாராமன்.

"என்னம்மா, மூடியாச்சா? ஆம்புலன்ஸ் கெளம்பிருச்சா?"

"இல்லண்ணே."

"இவ்ளோ நேரமா அங்க என்ன பண்றாங்க?"

"ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்கண்ணே."

அண்ணன் போனை வைக்கவில்லை. ஷியாமளா அதைக் காதிலிருந்து எடுத்து, கதவுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.