கிழிசலைத் தைத்த குற்றம்

எங்கள் நகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மழை நாளில் உள்ளே உட்கார்ந்தாலும் வெளியே நின்றாலும் நனைவது ஒரே அளவுதான். தகரக் கூரையில் ஓட்டை இல்லாத இடத்தைத் தேட வேண்டும். கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதி எழுதித் தலைமையாசிரியையின் கையெழுத்து அழகானதுதான் மிச்சம்.

அப்போதுதான் அந்தத் துணிக் கம்பெனி வந்தது. தாத்தா காலத்து நீளக் காலரும் ஒட்டுப்போட்ட பள்ளிச் சட்டையும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மறுபடி நாகரிகமாம். படம் எடுக்கப் பாழடைந்த பள்ளிக்கூடம் ஒன்று வேண்டுமாம். அதுவரை எங்களை இவ்வளவு மரியாதையாக யாரும் பாழடைந்தவர்கள் என்று சொன்னதில்லை. கம்பெனி மேலாளர் உடைந்த பெஞ்சைக் கும்பிடாத குறையாகத் தடவிப் பார்த்தார்.

"ஒரு நாள் இடம் குடுங்க மேடம். கூரைய நாங்க பாத்துக்கறோம்."

தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். மழைக்கு முன்னால் கூரை வந்துவிடும் என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

படம் எடுப்பதற்கு முந்தைய நாள் மதியம் என் தையல் வகுப்பில் பெட்டி பெட்டியாகத் துணி வந்து இறங்கியது. டிரைவர், "ஸ்கூல் யூனிஃபார்ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் முழங்கையில் கிழிசல், பாதிப் பொத்தான்கள் இல்லை, ஒட்டுகள் கோணல்மாணல். தானம் என்று சொல்லிக் குப்பையை எங்கள் தலையில் கட்டுவது புதிதில்லை. போன வருடம் ஒரு சங்கம் இடதுகால் செருப்புகளை மட்டும் அனுப்பியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கையில் ஊசியைக் கொடுத்து உட்காரவைத்தேன். சட்டை முழுக்க ஊக்குகளின் தயவில் நிற்பதால் 'ஊக்கு' என்றே பெயர் வாங்கிய சிறுமி போட்ட தையலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மாலைக்குள் எல்லாவற்றையும் தைத்து, தேய்த்து, மடித்து வைத்தோம்.

மறுநாள் காலை உடை அலங்காரம் செய்யும் பெண் பெட்டியைத் திறந்தாள்.

"யாரு இதத் தைச்சது?"

"நாங்கதாம்மா. கூலியெல்லாம் வேண்டாம்," என்றேன் பெருமையாக.

"ஒவ்வொரு கிழிசலும் எங்க டிசைனர் தன் கையால கிழிச்சதுங்க."

கிழிப்பதற்கென்றே வெளிநாடு போய்ப் படித்தவராம் அவர். எங்கள் பிள்ளைகள் அதைச் சுவரேறிக் குதித்தே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். மேலாளர் வாசலைப் பார்த்து நடந்தார். தலைமையாசிரியை, "கூரை சார், கூரை" என்று பின்னாலேயே ஓடினார். என் ஊசியால் கூரை போயிற்றே என்று அழுகையே வந்துவிட்டது.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற ஊக்குவின் மேல் அந்தப் பெண்ணின் கண் விழுந்தது.

"இந்தச் சட்டை எங்க வாங்கினது?"

"அக்காவோடது. அதுக்கு முன்னாடி பெரியக்காவோடது."

"சார், திரும்பி வாங்க," என்று அவள் கூப்பிட்டாள். "இதுதான் ஒரிஜினல்."

துணி கை மாறியது. படத்துக்கென்று காரில் வந்திறங்கிய பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளின் சட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்கள். நாங்கள் தைத்த விலையுயர்ந்த சட்டைகளில் எங்கள் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"அவங்கள நகரச் சொல்லுங்க," என்றார் படம் எடுப்பவர். "ரொம்பப் புதுசா தெரியறாங்க."

எல்லாம் முடிந்ததும் தலைமையாசிரியை கூரையைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார்.

"மேடம், அந்த ஓட்டை வழியா வர்ற வெளிச்சம்தான் படமே," என்றார் மேலாளர். "அடுத்த வருஷமும் வரோம். அதுல மட்டும் கை வச்சிடாதீங்க."

"மழையும் அதே வழியாத்தான் சார் வருது," என்றேன்.

"நல்லா இருக்கே. விளம்பரத்துக்குப் போட்டுக்கலாமா?"

முதல் மழைக்கு முன்னால் கம்பெனியிலிருந்து சுருட்டிய பொருள் ஒன்று வந்தது. கூரையல்ல. பள்ளி வாசலில் மாட்ட, அன்று எடுத்த படத்தோடு ஒரு பெரிய விளம்பர பேனர்: 'அந்தக் காலமே அழகு'. நல்ல தடித்த பிளாஸ்டிக். நானும் காவலாளியும் அதைத் தகரத்தின் மேல் கவிழ்த்துப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தோம்.

இப்போது வகுப்பில் அண்ணாந்து பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை படம் தெரிகிறது. ஒன்றில் யாரோ ஒரு பிள்ளையின் பல்வரிசை. பெரிய ஓட்டையில் ஒரு சட்டையும் அதில் வரிசையாக ஊக்குகளும்.

"டீச்சர், அது என் சட்டை," என்றாள் ஊக்கு.

அதன் கீழேதான் அவள் உட்காருகிறாள். அந்த இடத்தில் ஒழுகுவதில்லை.