பழுப்பு முடிந்த இடம்

கொடைக்கானல் மலையிலுள்ள அடுக்கம் கிராமத்தில் விசாலாட்சிக்கு நாற்பது பட்டர் புரூட் மரங்கள். தோட்டத்தை அவளுடைய அப்பா அவள் பேருக்கே எழுதி வைத்திருந்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. இலைகள் உதிராமல், வெந்தது போலக் கிளையிலேயே தொங்கின.

ஒரு கிளையை வெட்டி எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி பட்டையைச் சீவிக் காட்டினார். உள்ளே பழுப்பு ஓடியிருந்தது. பூஞ்சாணம் என்றும், மழை நேரத்தில் ஒரே ரம்பத்தால் மரம் மரமாகக் கவாத்து செய்தால் காயம் வழியாக நுழைந்துவிடும் என்றும் சொன்னார். அப்படி வெட்டியது விசாலாட்சிதான்.

கணவன் சந்தோஷ்குமார் கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறவன். மரங்களைப் பிடுங்கிவிட்டு டூரிஸ்டுகளுக்கு டென்ட் போடலாம் என்றான். அவள் முடியாது என்றாள். அவன் கேட்கவில்லை.

தை மாதம், மழை முழுக்க விட்டதும் அவள் காய்ந்த கிளைகளை வெட்டத் தொடங்கினாள். பழுப்பு முடிந்து வெள்ளை மரம் தெரியும்வரை இறங்கி, அதற்கும் ஒரு முழம் கீழே வெட்டினாள். ஒவ்வொரு மரத்துக்கும் ரம்பத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். வெட்டிய வாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். விழுந்த கிளைகளை அன்றன்றே எரித்தாள். பல மரங்கள் இடுப்பளவுக் கட்டைகளாக நின்றன.

ஐந்தாம் நாள் காலை சந்தோஷ்குமார் ஜேசிபியோடு வந்தான். அவள் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"மொட்டைக் கட்டைய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?" என்றான் அவன்.

"நோவ ஏத்துனது நான். எறக்குறதும் நான்தாங்க. இது எந்தோட்டம்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் 'எந்தோட்டம்' என்ற வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு ரம்பத்தை அடுத்த கிளையில் வைத்தாள்.

ஜேசிபிக்காரன் இருவரையும் பார்த்தான். "அக்கா சம்மதிக்காம நான் மண்ணத் தொட மாட்டேண்ணே" என்று சொல்லி வண்டியைத் திருப்பினான். சந்தோஷ்குமார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் மொட்டைத் தோட்டக்காரி என்று சிரித்தார்கள். அவள் அவர்களைத் தாண்டித்தான் தினமும் போய்வந்தாள்.

சித்திரையில் இருபத்தொன்பது மரங்களில் செம்பு நிறத் துளிர் வெடித்தது. பதினொன்று துளிர்க்கவே இல்லை. அவற்றை வேரோடு தோண்டி எடுத்து எரித்த அன்று மட்டும் அவள் அழுதாள்.

காலியான இடத்தில் இரண்டே இரண்டு டென்ட் போட்டால் என்ன என்று சந்தோஷ்குமார் மெதுவாகக் கேட்டான்.

"நர்சரியில புதுக் கன்னுக்குச் சொல்லியாச்சு. பழைய குழிய விட்டுத் தள்ளி வைக்கணும். நாளைக்கு வெள்ளனே கடப்பாரையோட வாங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். காலையில் அவள் தோட்டத்துக்குப் போனபோது இரண்டாவது குழியைத் தோண்டிக்கொண்டிருந்தான்.