முகர்ந்து பார்த்துச் சொன்னது

ஆய்வகத்தில் எனக்கு ‘மூக்கர்’ என்று பெயர். கெட்டுப்போன பாலை மூடி திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவேனாம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன், வெட்கங்கெட்டவன்.

உணவை நஞ்சாக்கும் கிருமிகள் வளரும்போது ஒருவித ஆவியை விடும். அதைக் கருவியில் பிடிப்பதுதான் என் வேலை. கண்ணாடிக் குப்பியில் இறைச்சித் துண்டைப் போட்டு மூடி, இளஞ்சூட்டில் வைத்து, மேலே நிற்கும் காற்றை மட்டும் ஊசியால் உறிஞ்சிச் செலுத்துவோம். திரையில் கோடு முகடு முகடாக எழும். எந்த முகடு எந்தக் கிருமி என்று படிப்பது என் பாடு. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன்: “நாத்தம் அடிச்சா தூக்கிப் போட்டுடுவோம். ஆளைக் கொல்ற கிருமி பல நேரம் நம்ம மூக்குக்கு எட்டவே எட்டாது. மூக்கை நம்பாதீங்க.”

வாய் கிழியப் பேசிய அதே ஆள் வீட்டில் என்ன செய்தேன், கேளுங்கள்.

மனைவிக்கு ஆறாம் மாதம். கடையில் வாங்கிய, வேகவைத்துச் சீவிய இறைச்சிப் பொட்டலத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“என்னங்க, பிரிச்சு ஒரு வாரமாச்சு. மோந்து பாருங்களேன். நீங்க சொன்னா சரி.”

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். குனிந்தபடியே ஒரு மூச்சு இழுத்தேன். “நல்லாத்தான் இருக்கு. சாப்பிடு.”

மூன்று வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் வயிற்றில் துடிப்பு நின்றுபோனது. பெண் குழந்தை. கிருமித் தொற்று என்றார் டாக்டர். எங்கிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் சாப்பிட்டது போக மிச்சம் ஃப்ரீசரில் கிடந்தது. யாருக்கும் சொல்லாமல் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். இரண்டு நாள் வளரவிட்டுக் கருவியில் ஓட்டினேன். டாக்டர் பெயர் சொன்ன கிருமியின் முகடு திரையில் எழுந்து நின்றது. வளர்ப்புத் தட்டிலும் அதே கிருமிதான்.

வீட்டில் அம்மா அவளைத் துளைத்தெடுத்தாள். “கண்ட பஸ்ஸிலயும் ஏறி அலையாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?”

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். எந்நேரமும் கையைக் கழுவினாள். விரல்களில் தோல் உரிந்தது. “நான்தாங்க எதையோ தொட்டுட்டு வந்திருக்கேன்,” என்பாள். நான் கல்லுளிமங்கனாக நிற்பேன். உண்மையைச் சொன்னால் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம். வேறென்ன?

அன்று காலை மறுபடியும் சோப்பை எடுத்தாள். எனக்குத் தாங்கவில்லை. குழாயை மூடினேன்.

“போதும்மா. நீ காரணமில்ல. அந்த இறைச்சிதான். டெஸ்ட் பண்ணிட்டேன். நான்தான் மோந்து பார்த்துட்டு உன்னைச் சாப்பிடச் சொன்னேன்.”

அடிப்பாள் என்று நின்றேன். ஈரக் கையோடு என்னையே பார்த்தாள்.

“அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?”

“இல்லம்மா.”

“சத்தியமா நான் இல்லையா?”

அன்றுதான் வாய்விட்டு அழுதாள். தொடப் போன என் கையைத் தட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“ஒன்பது நாளாச்சு.”

“குழந்தை போனதுக்கு உங்களை மன்னிச்சாலும் மன்னிச்சிடுவேன்,” என்றாள். “இந்த ஒன்பது நாளுக்கு என்னால முடியாதுங்க.”