அம்மா படுத்திருந்த வருடம்

விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. மதிப்பெண்களில் ஏற்ற இறக்கம் இருப்பின் இருநூறு சொற்களுக்குள் காரணம் கூறவும்.

அவளுடைய பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல், முன்பல் இரண்டு விழுந்த வாய் மாதிரி இருந்தது. முதல் இரண்டு பருவங்களில் எல்லாம் எண்பதுக்கு மேல். மூன்றாவதில் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, மற்ற தாள்களுக்கு ‘வரவில்லை’. நான்காவதில் ஒரு தாளுக்கும் வரவில்லை. ஐந்தாவதிலிருந்து மறுபடி எழுபதுகள், முதுகலையில் எண்பத்தாறு. மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஏழு இடங்களுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்திருந்தாள். ஏழு படிவங்களிலும் அந்தப் பெட்டி இருந்தது.

அவள் வேலை பார்ப்பது ஓர் உளவியல் ஆய்வுக்கூடத்தில். சிகிச்சைக்கு வருபவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். மேசைக்கடியில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். பேச்சோடு மௌனத்தையும் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. மூன்று நொடிக்கு மேல் போனால் கணக்கோடு பதிய வேண்டும். மௌனம், நான்கு. மௌனம், ஒன்பது. ஆறு வருடத்தில் கடிகாரத்தைப் பார்க்காமலே ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் சொல்லப் பழகியிருந்தாள். கூடத்தில் அவளை ஸ்டாப்வாட்ச் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருமுறை பஸ்ஸில், பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொன்னது. அவள் தட்டச்சு செய்த ஒலிப்பதிவுகளில் இருபத்துமூன்றாம் எண். அவருடைய மனைவி எந்தக் கிழமை வீட்டைவிட்டுப் போனாள், போகும்போது அடுப்பில் என்ன இருந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் ஜன்னலைச் சாத்தினாள். அந்த வாரம் கூடத்துக்கு வெளியே அவளிடம் ஒருவர் பேசியது அவ்வளவுதான்.

பக்கத்து மேசைக்காரர் ஏழு வருடமாக ஆய்வேட்டை முடிக்காமல் இருந்ததால் எல்லோரும் அவரை டாக்டர் என்றே அழைத்தார்கள். பெட்டியைப் பற்றி அவரிடம்தான் கேட்டாள்.

“அது ஒரு வியாதியக் கேக்குது. உன்னோடத மட்டும் எழுதிடாத,” என்றார். “வியாதிக்காரங்க நமக்கு எதிர்ல உக்காரலாம். பக்கத்துல உக்காரக் கூடாது. அதான் நம்ம தொழில்.”

ஒரு தேர்வுக் குழுவில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருக்கிறாராம். தனக்கு மனச்சோர்வு இருந்தது என்று நேர்மையாக எழுதிய ஒரு விண்ணப்பத்தை, பாவம், நல்ல பெண் என்று சொல்லிக்கொண்டே ஓரமாக வைத்தார்களாம். குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று போட்டால் யாரும் தோண்ட மாட்டார்கள் என்றார்.

குடும்பத்தில் இருந்தது அம்மா மட்டும். வேறொரு ஊரில், துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட லீவு போடாததற்காக நிர்வாகம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் போனில் பேசுவார்கள். விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள்.

“என்னையா? தாராளமாப் படுக்க வெச்சுக்கோ. ஆனா சளி காய்ச்சல்னு போட்டு அசிங்கப்படுத்தாத. பெருசா ஏதாவது போடு.”

சிறுநீரகம் என்று தேர்ந்தெடுத்ததும் அம்மாதான். தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கு அது வந்ததால் விவரம் தெரியும். வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் படுக்க வைப்பார்கள், கூட ஒரு ஆள் வேண்டும், அப்புறம் படிப்பு எங்கே என்று கதையையும் அவளே கட்டிக் கொடுத்தாள். பேப்பர் ரொம்பக் கஷ்டம் என்று ஒன்பது வருடம் முன்பு மகள் சொன்னதை அப்படியே நம்பியவள் அம்மா. இப்போதும் வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த வருடம் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அறைத்தோழி கல்யாணமாகிப் போனாள். அந்தக் கட்டிலுக்கு வேறு யாரும் வரவில்லை. ஒரு காலை எழுந்திருக்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கூடம் காலியான பிறகு போய், ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுந்து, முகம் கழுவி, வராந்தாவில் நின்று, நல்லா இருக்கேம்மா என்று போனில் சொல்வாள். குரலுக்காக முகம் கழுவியது ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள்.

ஆறு இடங்களிலிருந்து மறுப்பு வந்தது. ஏழாவது நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இந்த வருடத்துக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். ஆய்வுக்கூடத் திட்டம் நான்கு மாதத்தில் முடிகிறது. அதன் பிறகு கேட்க ஒலிப்பதிவுகளும் இல்லை.

காலை பதினொரு மணிக்கு, வீடியோவில் நேர்காணல். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டு, கட்டில்மேல் சூட்கேஸை நிறுத்தி, அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். திரையில் இருவர்: நரைத்த தலைப் பேராசிரியை, இளம் விரிவுரையாளர் ஒருவர். ஆய்வுமுறை, புள்ளியியல், மௌனத்தை அளப்பதில் உள்ள சிக்கல் என்று நாற்பது நிமிடம் நன்றாகவே போயிற்று. பஸ் குரலைப் பற்றி, எண்ணைச் சொல்லாமல் சொன்னாள். விரிவுரையாளர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “அந்த ரெண்டு பருவத்தப் பத்தி எழுதியிருந்தீங்க. எங்க அம்மாவும் டயாலிசிஸ்லதான் இருந்தாங்க. எனக்குத் தெரியும் அது. உங்க அம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

எத்தனையோ கேள்விகளுக்குத் தயார் செய்திருந்தாள். அம்மாவை யாராவது நலம் விசாரிப்பார்கள் என்று நினைக்கவில்லை. தேறிட்டாங்க என்று ஒரு வார்த்தை போதும். சீட்டு ஏறக்குறைய கையில் இருந்தது. மனம் தன்பாட்டுக்கு எண்ணியது. நான்கு. ஐந்து. ஆறு.

“நல்லா இருக்காங்க, மேடம்,” என்றாள். பிறகு, “அப்பவும் நல்லாதான் இருந்தாங்க.”

விரிவுரையாளர் பேனாவை எடுத்தார். அவள் மீதியையும் சொன்னாள், நான்கைந்து வாக்கியத்தில்.

“அப்ப ஏன் இப்படி எழுதினீங்க?”

“உண்மைய எழுதினா கூப்பிட மாட்டீங்கன்னு சொன்னாங்க.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான், மேடம்.”

பேராசிரியை அதை மறுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வந்ததற்கு நன்றி என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்த மின்னஞ்சலில், மற்ற ஆறிலும் இருந்த அதே மூன்று வரிகள்தான். அவற்றுக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தாள். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

“நான் நல்லா இருக்கறதால ஒரு சீட்டு போச்சா!” அம்மா சிரித்தாள். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்து இருமிக் காட்டியிருப்பேனே.” சிரிப்பு பாதியில் நின்றது. “சரி, என்னைப் படுக்க வெச்சியே. அந்த வருஷம் நிஜமாப் படுத்திருந்தது யாருடி?”

“நான்தாம்மா.”

“வாராவாரம் பேசினியே.”

“பேசினேன்.”

“நல்லா இருக்கேன்னு சொன்னியே.”

“சொன்னேம்மா.”

அம்மா பேசவில்லை. அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. எவ்வளவு நேரம் என்று பின்னால் யோசித்தபோது அவளால் சொல்ல முடியவில்லை.

“நாளைக்கு லீவு போடறேன்,” என்றாள் அம்மா.

“அம்மா, அது ஒன்பது வருஷம் முன்னாடி.”

“லேட்டுன்னு தெரியுது. எங்க எறங்கணும், அத மட்டும் சொல்லு.”

சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். நேராக வரும் பேருந்தா, சுற்றி வருவதா. இறங்கினால் வலப்பக்கமா, இடப்பக்கமா. கீழே இருக்கும் கடைக்கு என்ன பெயர். ஆறு வருடமாக இருக்கும் அறைதான். அதற்கு வழி சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை. போனைக் காதில் வைத்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு, பார்த்துச் சொல்ல மாடிப்படி இறங்கினாள்.