அக்கா பாட வேண்டிய வரி

கிரிவலம் வருகிறவர்களுக்கு அடி அண்ணாமலையைத் தொடும்போதுதான் கால் கெஞ்ச ஆரம்பிக்கும். அந்த இடமாகப் பார்த்து இருசப்பன் பாட்டும் புத்தகமும் விற்கிற கடையைப் போட்டது கெட்டிக்காரத்தனம். அவர் போய் எட்டு வருஷமாகிறது. இப்போது கல்லாவில் இருப்பது மூத்த மகள் உண்ணாமலை.

வந்து நிற்பவர் முகத்தைப் பார்த்தே மருந்துக் கடைக்காரர் மாதிரி எடுத்துக் கொடுப்பாள். பிள்ளை பரீட்சையில் தோற்ற அம்மாவுக்கு ஒரு புத்தகம், பெண்சாதியைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பாட்டு. நாலு பாட்டு கேட்டால் நாலு நாள் தைரியமாக இருக்கலாம் என்று சொல்லி பென் டிரைவைக் கையில் வைப்பாள். வாங்கிப் போனவர்கள் அடுத்த பௌர்ணமிக்கு வந்து, மனசு லேசாச்சும்மா என்பார்கள். ஊருக்கெல்லாம் தெம்பு கொடுத்தவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பாட்டு. அதுதான் கடையில் இல்லை.

இருசப்பன் எழுதி மெட்டுப் போட்ட பாட்டு அது. நடந்து களைத்த பக்தை கேட்பாள், மலை பதில் சொல்லும். கேள்வி வரிகளெல்லாம் தங்கை கீதாஞ்சலிக்கு, பதில் வரிகளெல்லாம் உண்ணாமலைக்கு. இருபது வருஷத்துக்கு முன்பு இருநூறு கேசட் போட்டார்கள். கீதாஞ்சலியின் குரல் மேலே ஏறி ஓர் இடத்தில் லேசாக உடையும். அந்த உடைசலுக்காகவே ஜனம் வாங்கியது.

அதே வருஷம் கீதாஞ்சலி, வேலூர்க்காரர் அருள்ராஜைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மாதா கோயிலில் கல்யாணம். அந்தக் கேசட்டை விற்க வேண்டாம் என்று மட்டும்தான் அப்பா சொன்னார். உண்ணாமலைக்குக் கோபம் சாமி மாறியதில் இல்லை. ஒரே பாயில் படுத்தவள் தன்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான்.

கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பல்லை உடைத்துவிட்டால் அதில் வேறெதுவும் பதிய முடியாது. அந்த ஓட்டையில் ஒட்டுத்தாளை ஒட்டினால் மறுபடி பதியலாம். கேசட் கடைப் பெண்ணுக்கு இது தெரியாதா? மூலக் கேசட்டையும் மிச்சமிருந்த பன்னிரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டி, தங்கையின் குரல் மேல் நாதஸ்வரத்தைப் பதிந்தாள். மூன்று நாள் ஆனது. மூன்று நாள் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்தான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

அப்பா செத்தபோது கீதாஞ்சலி வந்தாள். கும்பலுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டுப் போனாள். உண்ணாமலை பார்த்தாள், கூப்பிடவில்லை. அருள்ராஜ் மட்டும் கிட்டே வந்து ஒரு நம்பர் எழுதிய தாளைக் கொடுத்தார். அதை 'வேலூர்' என்று போனில் போட்டு வைத்தாள். ஒரு தடவையும் அழுத்தியதில்லை. அன்றிலிருந்து அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது. பழைய வாடிக்கைக்காரர்களை எல்லாம், அந்தக் கேசட் இருக்கிறதா என்று கேட்டாள். யாரிடமும் இல்லை.

இந்தப் பௌர்ணமிக் காலையில் கீழ்பென்னாத்தூர் ராஜம்மாள் வந்தாள். அறுபது வயசு, நிலக்கடலை விவசாயி; அவள் பேச்சில் அது மல்லாட்ட. கிரிவலம் வந்தால் இங்கே உட்காராமல் போகமாட்டாள். உட்காருவாளே தவிர எதுவும் வாங்கியதில்லை என்பதால், அவளை மட்டும் உண்ணாமலை கேட்டதில்லை. பேச்சுவாக்கில் அவளே, அக்கா தங்கச்சி பாடுவீங்களே, அது எங்ககிட்ட இருந்ததே என்றாள். உண்ணாமலை கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். இப்போது எங்கே என்று கேட்டாள்.

"அத ஏம்மா கேக்கற. மல்லாட்ட கொல்லையில காக்கா ஜாஸ்தியா வருதுன்னு எங்க வீட்டுக்காரரு நாடாவ உருவி குச்சிக்குக் குச்சி கட்டிட்டாரு. காத்தடிச்சா கொய்ங்னு கத்தும். அந்த வருஷம் கடல நல்லாதான் வந்துச்சு."

உண்ணாமலை சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. ராஜம்மாள் பதறிப்போய்த் துருவித் துருவிக் கேட்க, ஒட்டுத்தாள் வரைக்கும் எல்லாவற்றையும் முதல் முறையாக ஒரு ஆளிடம் சொல்லிவிட்டாள்.

"பாடுன பொண்ணு உசுரோடதான கீறா? கையில நம்பரும் கீது. வெண்ணெய வச்சிகினு நெய்க்கு அலையறியே, போடும்மா போன" என்றாள் ராஜம்மாள். போடுகிறவரை நகரவும் மாட்டேன் என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எடுத்தது ஒரு சிறுமி. பெயர் தென்றல் என்றாள். அப்பா குளிக்கிறார், அம்மா துணி காயப்போடுகிறாள், நீங்க யாரு என்று கேட்டாள். பெரியம்மா என்று சொல்ல நாக்கு எழவில்லை. திருவண்ணாமலைப் பாட்டுக் கடை என்றாள் உண்ணாமலை. பாட்டு என்றதும் சிறுமிக்குக் குஷி வந்துவிட்டது. அம்மா சர்ச்சில் பாடுகிறவளாம். வீட்டில் மட்டும் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறதாம். கேட்காமலே பாடினாள்.

"சுத்தி வந்தேன் அய்யா, கால் வலிக்குதே..."

பிறகு சத்தமே இல்லை. உண்ணாமலை லைன் போய்விட்டதோ என்று பயந்து, ஹலோ என்றாள்.

"இருங்க, இங்க சும்மா இருக்கணும். அம்மா அப்படித்தான் பாடுவாங்க. அந்தப் பாட்டே அப்படித்தான்."

இருபது வருஷமாக அக்காவின் வரி வரும் இடத்தில் தங்கை வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். இங்கே ஒருத்தி அழித்தாள், அங்கே ஒருத்தி இடம் விட்டு வைத்தாள். உண்ணாமலை கம்மிய குரலில் அந்த இடத்தில் தன் வரியைப் பாடினாள்.

"உக்காரு மகளே, மடியிலே இடமிருக்கு..."

"அம்மா, இவங்க நடுவுல பாடறாங்க" என்று சிறுமி கத்தினாள்.

வாளி கீழே விழும் சத்தம் கேட்டது. போன் கை மாறியது. ஓடி வந்த மூச்சு கேட்டது. பிறகு அந்தக் குரல் எழும்பியது. கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அதே இடத்தில் உடைந்தது.

"வழி மறந்தேன் அய்யா, வாசல் எதுன்னு சொல்லு..."

அடுத்தது உண்ணாமலையின் முறை. வாயைத் திறந்தாள். வரி வரவில்லை. தங்கையின் வரிகளையே நினைத்து நினைத்து ஏங்கியதில் தன் வரி மறந்துபோயிருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கீதா, எனக்கு மறந்துடுச்சுடி என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"பரவால்லக்கா. எனக்குத் தெரியும்" என்றாள் கீதாஞ்சலி. ஆனால் முழுசாகப் பாடவில்லை. முதல் இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்..."

மிச்சத்தை உண்ணாமலை பாடினாள்.

"...வந்தாலும் என் வாசல்தான்."