புருல்சாவின் கையெழுத்து

பாலிக்ச்சி ஊர் நெடுஞ்சாலை ஓரத்தில் புருல்சா புகைபோட்ட மீன் விற்றுக்கொண்டிருந்தார். வயது அறுபது. நானும் என்னோடு வேலை செய்யும் மெதேத்தும் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து இறங்கி, அரசாங்க அடையாள அட்டையைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? பென்ஷன் கார்டு வேலை செய்யலைன்னு நாலு மாசமா பேங்குக்கு நடக்கறேன். யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க."

"அக்கா, நாங்க பென்ஷன் ஆபீஸ் இல்ல" என்றான் மெதேத்.

"அப்ப மீன் வாங்குங்க."

நாட்டை விட்டுக் கடத்தப்பட்ட பணத்தைத் தேடுவது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஏழு வருடங்களுக்கு முன் தொரோபாயெவ் என்ற அமைச்சர் ஓடிப்போனார். ஸ்விட்சர்லாந்தில் ஒரு வங்கியில் பதினோரு மில்லியன் டாலர் இருந்தது. அவருடைய பணம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்கு ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது. அந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரி, காகிதங்களின்படி, புருல்சா. அமைச்சர் வீட்டில் ஆறு வருடம் துணி இஸ்திரி போட்டவர். ஸ்விட்சர்லாந்து அரசு அந்தப் பணத்தை முடக்கி வைத்திருந்தது. அது புருல்சாவுடையது அல்ல என்று அங்குள்ள நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் எங்களுக்குத் திரும்பி வரும்.

அதற்கிடையில், அவர் பெயரில் உள்நாட்டில் இருப்பதையும் முடக்கச் சொல்லி உத்தரவு போட்டோம். அவர் பெயரில் இருந்தது அந்தப் பென்ஷன் கார்டு மட்டும். உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டார்.

"கேட்டியா சபிரா, நான் கோடீஸ்வரியாம்."

"அப்ப நாளையிலேர்ந்து அந்த நிழல் இருக்கிற இடத்த எனக்கு விட்டுக்குடு" என்றாள் சபிரா, மீனைத் திருப்பிக்கொண்டே.

எங்கள் இயக்குநர் ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். கையெழுத்துகள் போலி, தான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று புருல்சா சொல்லிவிட வேண்டும். வழக்கு அதோடு முடிந்துவிடும். அதைச் சொல்லத்தான் இரண்டாவது முறை போனேன்.

"போட்டது நான்தானே" என்றார் புருல்சா. "இஸ்திரி போட்டுக்கிட்டிருப்பேன். அமைச்சரோட சம்சாரம் காகிதத்தோட வருவாங்க. பெட்டிய நிமித்தி வச்சிட்டுப் போட்டுக் குடுப்பேன்."

"படிச்சுப் பாக்கலையா?"

"எந்த நாட்டு எழுத்தோ. மூணாவது தடவ எனக்கு ஒரு கோட்டு குடுத்தாங்க. உள்ள ஆட்டு ரோமம் வச்சது. கையெழுத்துக்கு எதுக்கு இவ்ளோ நல்ல கோட்டுன்னு தோணுச்சு. கேக்கல. கேட்டா வேலை போயிடும்."

"அக்கா, இந்தக் கோட்டு விஷயத்தச் சொன்னா உங்க மேலயே வழக்கு வரும். தப்புன்னு தெரிஞ்சும் உதவி செஞ்சதா ஆயிடும்."

அவர் சிரித்தார். "போன வாரம் அமைச்சரோட வக்கீல் வந்தாரு. பிஷ்கெக்ல ரெண்டு ரூம் வீடு தர்றாராம். கையெழுத்தும் என்னுது, பணமும் என்னுதுன்னு சொல்லணுமாம். நீ வந்து கையெழுத்தும் இல்ல, பணமும் இல்லன்னு சொல்லச் சொல்ற. ஆளுக்குப் பாதி நெசம் வச்சிருக்கீங்க தங்கச்சி."

அவரை மாற்ற முடியவில்லை. நான் அதிகம் முயலவில்லை என்பதும் உண்மை. இயக்குநர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நவம்பரில் விசாரணை நடந்தது. பிஷ்கெக்கில் ஓர் அறையில் திரை முன்னால் புருல்சா உட்கார்ந்திருந்தார். திரையில் ஸ்விட்சர்லாந்து நீதிபதி, வயதான பெண். அமைச்சரின் வக்கீல் காகிதங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"இது?"

"அதுவும்தான். அன்னிக்குப் பேனா சரியா எழுதல."

"அப்ப கம்பெனி உங்களுது."

"அதோட பேரு என்னன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க. நீங்க இப்ப வாசிச்சீங்க, அதையும் என்னால திருப்பிச் சொல்ல முடியல."

பிறகு யாரும் கேட்காமலே கோட்டைப் பற்றிச் சொன்னார். அப்போதே தனக்குச் சந்தேகம் வந்தது என்றும், வாயை மூடிக்கொண்டது தன் தப்புதான் என்றும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை நீதிபதி காத்திருந்தார்.

"அந்தக் கோட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கே. இப்பப் போட்டிருக்கேன்." எழுந்து நின்று பொத்தானைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். ரோமம் பல இடங்களில் உதிர்ந்திருந்தது. நீதிபதி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அமைச்சர் தரப்பு கையெழுத்து நிபுணரின் அறிக்கையைத் தயாராக வைத்திருந்தது. எல்லாக் கையெழுத்தும் அசல் என்று அதில் இருந்தது. போலி என்று புருல்சா சொல்லியிருந்தால் எங்கள் வழக்கு அன்றே விழுந்திருக்கும். தனக்கே பாதகமானதை மறைக்காத சாட்சியை நம்பாமலிருக்கக் காரணமில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். எங்கள் இயக்குநருக்குப் பதக்கம் கிடைத்தது.

புருல்சா மீது, நான் சொன்னபடியே, இங்கே வழக்கு வந்தது. நான் அவர் பக்கம் சாட்சி சொன்னேன். சிறைக்கு அனுப்பவில்லை. மூன்று வருடம் அனுமதியில்லாமல் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது, மாதம் ஒருமுறை காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும் என்று விட்டார்கள். பென்ஷன் கார்டு கோப்பை நானே கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் மூன்று மாதத்தில் விடுவித்தேன். அதைச் சொல்லப் போன் செய்தபோது, "நேத்தே பணம் எடுத்துட்டேன், மாவு வாங்கியாச்சு" என்றார்.

இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்தப் பணத்தை டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு மட்டுமே செலவழிக்கலாம். மலைப்பக்கம் எட்டு மருத்துவமனைகள். முதல் இயந்திரங்கள் வந்து சேர்ந்த அன்று பிஷ்கெக்கில் விழா நடந்தது. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி நான்தான் புருல்சாவை வரவழைத்தேன். அழைப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். இரண்டாவது பேச்சு முடிவதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவ்ளோ பேசறாங்களே, இத எப்ப ஓட்டுவாங்க?"

"அடுத்த மாசம்னு சொல்றாங்க அக்கா."

"நான் கெளம்பறேன். ஆறு மணிக்குள்ள ஊர் எல்லைக்குள்ள இருக்கணும்னு எழுதி வாங்கியிருக்காங்க."

வாசல்வரை போய் வேனில் ஏற்றிவிட்டு வந்தேன். மீதிப் பேச்சுகளில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு மலை ஊர் மருத்துவமனையிலிருந்து அறிக்கை வந்தது. வாரம் இரண்டு முறை ஏழு மணி நேரம் பயணம் செய்து தலைநகருக்கு வந்துகொண்டிருந்த இருபத்துமூன்று பேருக்கு இப்போது அங்கேயே சிகிச்சை நடக்கிறது என்று அதில் இருந்தது. ஒரு பிரதி எடுத்து பாலிக்ச்சி முகவரிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. கடிதம் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை.